ஆடி மழையில் குதிரை ஓடாது

பத்மநாபபுரம் கோட்டைச் சுவரிலிருந்து கூப்பிடு தூரத்தில் எங்கள் வீடு இருக்கிறது. தமிழாசிரியையாகப் பணியாற்றி ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்புதான், சிறு வயதிலிருந்து மனத்தில் கிடந்த கதையை எழுதத் துணிந்தேன். திருவிதாங்கூர் டச்சுக்காரர்களை வென்ற 1741ஆம் ஆண்டின் குளச்சல் போர், 1809இல் திருவிதாங்கூரின் முதலமைச்சர் வேலுத்தம்பி தளவாய் ஆங்கிலேயரை எதிர்த்து எழுந்த நாட்கள், 1954இல் திருவிதாங்கூரின் தமிழ்ப் பகுதிகளைத் தமிழ்நாட்டோடு இணைக்கக் கோரி நடந்த போராட்டம் ஆகிய மூன்று காலங்களிலும், ஒரே குடும்பத்தில் பிறந்த மூவர் ஆளுக்கொரு செய்தியைச் சுமந்துகொண்டு ஓடுகிறார்கள் என்பதுதான் கதை. விறுவிறுப்பாக எழுதிவிடலாம் என்றும், வரலாற்றுத் தகவல்களைப் புத்தகங்களிலிருந்து எடுத்து இடையிடையே சேர்த்துக்கொள்ளலாம் என்றும் நம்பினேன். அந்த நம்பிக்கை தவறு என்று புரிவதற்கு எனக்கு ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் ஆயின.

முதல் பகுதியை எழுதி முடித்ததும் என் பெரியப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். வயலும் பனையும்தான் அவருடைய வாழ்க்கை; கதைப் புத்தகம் படிக்கும் பழக்கம் அவருக்கு இல்லை. கதாநாயகன் குளச்சல் கடற்கரையில் டச்சுக்காரர்களின் கப்பல்களைக் கண்டு, நள்ளிரவில் குதிரையேறி, கையில் தீப்பந்தத்துடன் ஒரு மணி நேரத்தில் பத்மநாபபுரம் அரண்மனைக்கு வந்து சேரும் காட்சியை நான் மிகவும் விரும்பி எழுதியிருந்தேன். பெரியப்பா இடையில் ஒரு சொல்லும் பேசாமல் கேட்டுவிட்டு, "ஏட்டி மக்களே, ஆடி மாசம்னு நீதானே எழுதியிருக்கே. ஆடி மழையில இந்த வயல் வரப்புல குதிரை எப்படிட்டி ஓடும்? பந்தம் எப்படிட்டி எரியும்?" என்று கேட்டார்.

குளச்சல் போர் முடிவுக்கு வந்த நாள் 1741 ஆகஸ்ட் 10 என்பது எனக்கு மனப்பாடம். அது திருவிதாங்கூரில் வழங்கிய கொல்லம் ஆண்டுக் கணக்கில் 916, ஆடி மாதத்தின் கடைசி என்பதையும் நானே கணக்கிட்டு எழுதியிருந்தேன். ஆனால் ஆடி என்றால் இந்த மேற்குக் கரையில் தென்மேற்குப் பருவமழை என்பதும், நடவு முடிந்த வயல்களில் நீர் நிறைந்து நிற்கும் என்பதும், கடல் கொந்தளித்துக் கிடக்கும் என்பதும் அந்தக் கையெழுத்துப் படியில் ஓரிடத்திலும் இல்லை. தேதி இருந்தது, அந்தத் தேதியில் பெய்த மழை இல்லை. வரலாற்றுச் சாகசக் கதை எழுத வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது, ஒரு நிகழ்ச்சியின் ஆண்டைக் கண்டுபிடித்த உடனே அதன் மாதத்தையும் அந்த மாதத்தில் வயலும் ஆறும் எப்படி இருக்கும் என்பதையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான்.

பெரியப்பா ஒரு பிழையைக் காட்டிய பிறகு மற்றவற்றை நானே தேடிக் கண்டேன். அரண்மனைப் பணியாள் கதாநாயகனுக்கு மரச்சீனி என்கிற மரவள்ளிக் கிழங்கும் மீன் குழம்பும் பரிமாறுவதாக எழுதியிருந்தேன். மரச்சீனி தென் அமெரிக்காவிலிருந்து வந்த பயிர். அதை இங்கே ஏழைகளின் உணவாகப் பரப்பப் பாடுபட்டவர் 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா. எங்கள் வீட்டில் அன்றாடம் வேகும் கிழங்கு என்பதால், அது இல்லாத ஒரு காலம் இருந்திருக்கும் என்றே எனக்குத் தோன்றவில்லை. காட்டை வர்ணிக்கும்போது, நிரை நிரையாக நின்ற மரங்கள் மாசியில் இலை உதிர்த்துக் கிடந்தன என்று எழுதியிருந்தேன். குலசேகரம் போகும் வழியில் நான் பார்த்து வளர்ந்த ரப்பர் தோட்டம் அது. 1741இல் இந்த மலைகளில் ஒரு ரப்பர் மரமும் கிடையாது. கற்சுவர் சூழ்ந்த உதயகிரிக் கோட்டைக்குள் ஒரு சண்டைக் காட்சியை வைத்திருந்தேன். அந்தக் கோட்டையைக் கல்லால் வலுப்படுத்திக் கட்டும் வேலையை மேற்பார்த்தவர், அதே குளச்சல் போரில் சிறைப்பட்டுப் பின்னர் திருவிதாங்கூர் அரசர் மார்த்தாண்ட வர்மாவின் படைத்தலைவராக உயர்ந்த டச்சுக்காரர் டிலனாய். ஆகவே போருக்கு முன்பு அங்கே அந்தச் சுவர் இருந்திருக்க முடியாது. எல்லாவற்றையும் விட எனக்கு வலித்தது ஊர்ப் பெயர்தான். நான் பிறந்த இந்த ஊருக்குப் பத்மநாபபுரம் என்ற பெயர் போருக்குப் பிறகே வந்தது. என் கதைமாந்தர் கல்குளம் என்றே சொல்லியிருப்பார்கள்.

இத்தகைய பிழைகள் புத்தகம் படிக்காததால் வருவதில்லை. நன்கு தெரிந்த இடத்தைப் பற்றி எழுதும்போதுதான் இவை மிகுதியாக வருகின்றன, ஏனென்றால் தெரியாத ஊரைப் பற்றி எழுதுகிறவர் ஒவ்வொன்றையும் சரிபார்க்கிறார். சொந்த ஊரைப் பற்றி எழுதுகிறவர் கண்ணால் கண்டதை நம்பிவிடுகிறார். அதனால் ஒவ்வொரு காட்சியையும் எழுதி முடித்த பின், அதில் வரும் உணவு, மரம், நீர்நிலை, கட்டடம், விளக்கு, ஊர்ப் பெயர் ஆகியவற்றைத் தனித்தாளில் பிரித்தெழுதி, ஒவ்வொன்றும் அந்த ஆண்டில் இருந்ததா என்று கேட்கும் வழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டேன். நீர்நிலைகளில் மிகுந்த கவனம் வேண்டும். பேச்சிப்பாறை அணை கட்டி முடிந்தது 1906இல். மாத்தூர் தொட்டிப் பாலம் 1960களில் வந்தது. இவற்றுக்கு முந்தைய குழித்துறை ஆற்றை, இன்று நாம் பாலத்தின் மேலிருந்து பார்க்கும் ஆற்றைக் கொண்டு கற்பனை செய்துவிடக் கூடாது.

அடுத்து நடந்தேன். எங்கள் ஊரை ஒட்டியுள்ள தக்கலையிலிருந்து குளச்சல் சுமார் 15 கிலோமீட்டர். முதல் முறை நல்ல வெயிலில், தார்ச்சாலையில், நீர்க்குப்பியுடன் நடந்தபோது மூன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆனது. பழைய கணக்கில் சொன்னால் ஒன்பது நாழிகை. நாழிகை என்பது 24 நிமிடம், ஒரு நாளுக்கு 60 நாழிகை. ஆடியில் ஒருநாள், முடிந்தவரை வயல் வரப்புகளையும் குளத்துக் கரைகளையும் பிடித்து நடந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. இரண்டு இடங்களில் சுற்றிப் போக வேண்டியிருந்தது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டேன். அந்த ஒரு நாள் நடைதான் முதல் கதையைத் திருத்தி எழுத வைத்தது. குதிரை போய்விட்டது. தீப்பந்தம் போய்விட்டது. செய்தி கொண்டு வருகிறவன் மழை இருட்டில் வரப்பைக் காலால் தடவித் தடவி நடக்கிறான். அவனைத் தேடி வருகிறவனும் அதே இருட்டில் அதே வரப்பில்தான் நடந்தாக வேண்டும். இருவருக்கும் இடையே இருக்கும் தூரம் தவளைகள் கத்துவதை நிறுத்தும் இடத்தை வைத்துத்தான் தெரியவருகிறது. முன்பு குதிரைக் குளம்படி ஓசையால் பத்து வரியில் முடிந்த காட்சி இப்போது பதினான்கு பக்கம் வளர்ந்தது. வாசித்தவர்கள் எல்லோரும் அந்தப் பக்கங்களைத்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டு வாசித்ததாகச் சொன்னார்கள்.

இங்கே நான் கற்றுக்கொண்டதைச் சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறேன். ஒரு காலத்தில் என்னென்ன முடியாதோ அவைதான் அந்தக் காலத்துச் சாகசக் கதையை ஓட்டிச் செல்கின்றன. செய்தி மனிதக் கால்களின் வேகத்தைத் தாண்டிப் போகாது என்ற நிலை இருக்கும்போது, தாமதம் என்பது ஆசிரியர் வலிந்து உண்டாக்குகிற ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. துப்பாக்கியை எடுத்துக்கொள்ளுங்கள். தீக்கல் உரசிப் பொறி விழுந்து மருந்து பற்றும் அந்தக் காலத் துப்பாக்கியில், பொறி விழும் இடத்திலுள்ள சிட்டிகை மருந்து ஈரமானால் குண்டு புறப்படாது. பயின்ற சிப்பாயே ஒரு நிமிடத்தில் இரண்டு, மூன்று முறைதான் சுட முடியும். நூறு கஜத்துக்கு அப்பால் குறி தவறுவது இயல்பு. மழையில் ஒருவன் துப்பாக்கியை நீட்டும்போது அது வெடிக்குமா என்பது அவனுக்கே தெரியாது. என் முதல் படியில் டச்சுச் சிப்பாய் ஒருவன் மூன்று முறை தொடர்ந்து சுட்டுக்கொண்டே ஓடிவந்தான். திருத்திய படியில் அவன் ஒரு முறைகூடச் சுடவில்லை. மருந்துப் பையைச் சட்டைக்குள் இடுக்கிக்கொண்டு ஓலைக் குடிசையின் இறவாணத்தில் ஒதுங்கி, மழை விடுமா என்று பார்த்துக்கொண்டு நிற்கிறான். அவன் நிற்கும் திண்ணைக்குப் பின்னால் நம் ஆள் இருக்கிறான்.

ஓலையில் எழுதுவதையும் செய்து பார்த்தேன். பெரியப்பாவின் பனையிலிருந்து எடுத்த ஓலையைப் பக்குவப்படுத்தி, கொல்லரிடம் சொல்லி அடித்து வாங்கிய எழுத்தாணியால் எழுதியபோது, நான்கு வரி எழுத எனக்கு முழு மாலைப் பொழுது வேண்டியிருந்தது. கைபழகியவர் விரைவாக எழுதுவார் என்றாலும், ஓடிக்கொண்டிருக்கிறவன் சட்டென்று ஒரு கடிதம் கிறுக்கிக் கொடுக்கும் காட்சிக்கு அந்த உலகத்தில் இடமில்லை. அதே சோதனையில் இன்னொன்று கிடைத்தது. எழுத்தாணி கீறிய ஓலையில் கரியோ இலைச்சாறோ தடவித் துடைத்தால்தான் எழுத்து கறுத்துத் தெளிவாகத் தெரியும்; தடவாத ஓலையை விளக்கு வெளிச்சத்தில் நேராகப் பார்த்தால் எழுதாத ஓலை போலவே இருக்கிறது. வேறு மை எதுவும் தேடாமலே ஒரு மறைமுகக் கடிதம் எனக்குக் கிடைத்துவிட்டது. அரண்மனை வாசலில் சோதிக்கிறவர்கள் வெற்றோலைக் கட்டு என்று விட்டுவிடுகிறார்கள். உள்ளே சமையல்கட்டில் ஒரு கிழவி அடுப்புக்கரியை எடுத்து ஓலையில் தேய்க்கிறாள். புத்தகங்களை மட்டும் வைத்து எழுதியிருந்தால் அந்தக் கிழவி கதைக்குள் வந்திருக்க மாட்டாள்.

சுரங்கப்பாதையைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் அரண்மனையிலிருந்து சாரோட்டுக் கொட்டாரம் என்ற இன்னோர் அரண்மனைக்கு ஒரு சுரங்கவழி இருந்ததாக ஊரில் எல்லோரும் சொல்வார்கள். முதல் படியில் நானும் அதைப் பயன்படுத்திக் கதாநாயகனைத் தப்பவைத்தேன். பிறகு எடுத்துவிட்டேன். அப்படி ஒரு வழி இருந்திருக்கலாம். ஆனால் சிக்கலின் உச்சத்தில் திறக்கும் இரகசியக் கதவு, அதுவரை வாசகர் அந்த மனிதனுக்காகப் பட்ட கவலையைப் பொய்யாக்கிவிடுகிறது. இப்போது அவன் பால் கொண்டுவருகிறவர்களோடு பால் பாத்திரத்தைச் சுமந்துகொண்டு வாசல் வழியாகவே வெளியேறுகிறான்.

இரண்டாம் கதையில் என் தடுமாற்றம் வேறு வகை. பழைய ஆவணங்கள் கொல்லம் ஆண்டில் இருக்கின்றன. கொல்லம் ஆண்டு கி.பி. 825இல் தொடங்குகிறது, ஆவணி முதல் நாள் புத்தாண்டு. ஆவணியிலிருந்து டிசம்பர் முடியும் வரை கொல்லம் ஆண்டோடு 824ஐயும், ஜனவரி பிறந்தது முதல் ஆடி முடியும் வரை 825ஐயும் கூட்ட வேண்டும். நான் எல்லாவற்றோடும் 824ஐக் கூட்டியிருந்தேன். அதன் விளைவாக, கொச்சியில் ஆங்கிலேயரின் பிரதிநிதியான ரெசிடென்ட் மெக்காலேயின் மாளிகை தாக்கப்பட்ட கொல்லம் 984 மார்கழி 1808 டிசம்பராகச் சரியாக வந்தது. அதற்குச் சில நாட்களுக்குப் பின் வேலுத்தம்பி குண்டறையில் அறிக்கை வெளியிட்ட 984 தை, 1809 ஜனவரியாக வருவதற்குப் பதிலாக 1808 ஜனவரியாக விழுந்தது. அறிக்கை முந்தியும் தாக்குதல் பதினொரு மாதம் பிந்தியும் நடந்ததாக எண்ணிக்கொண்டு, அந்தப் பதினொரு மாதங்களில் தளவாய் என்ன செய்திருப்பார் என்று நாற்பது பக்கம் எழுதினேன். நாற்பது பக்கங்களையும் கிழித்துப் போட்டேன். அன்று முதல் ஒவ்வொரு கதைக்கும் சுவரில் ஒரு நீண்ட தாளை ஒட்டி, கொல்லம் ஆண்டு, தமிழ் மாதம், ஆங்கிலத் தேதி, நிலவின் வளர்பிறை தேய்பிறை ஆகிய நான்கையும் ஒரே வரியில் எழுதி வைக்கிறேன். நிலவு முக்கியம், இரவில் நடக்கும் எந்தக் காட்சியையும் அது முடிவு செய்துவிடும்.

ஆனால் அந்தக் கதையின் பெரிய சிக்கல் தேதி அன்று. வேலுத்தம்பி வெல்லவில்லை என்பதும், 1809 பிப்ரவரியில் ஆரல்வாய்மொழி அரண் வீழ்ந்தது என்பதும், மண்ணடிக் கோயிலில் அவர் உயிர் பிரிந்தது என்பதும் இந்தப் பக்கத்துப் பள்ளிக் குழந்தைகளுக்கே தெரியும். முடிவு தெரிந்த கதையில் வாசகர் எதற்காகப் பக்கத்தைப் புரட்டுவார்? நீண்ட நாட்கள் யோசித்து, தளவாயைக் கதையின் நடுவிலிருந்து எடுத்து ஓரத்தில் வைத்தேன். இப்போது நடுவில் இருப்பவள் ஆரல்வாய்மொழிக் கணவாயில் காவல் நிற்கும் ஒருவனின் தங்கை. அரண் விழப்போகிறது என்பது வாசகருக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. அண்ணன் பிழைப்பானா என்பதை எந்த ஆவணமும் எழுதி வைக்கவில்லை. வரலாறு பதில் சொல்லிவிட்ட கேள்வியின் மேல் விறுவிறுப்பைக் கட்டக் கூடாது. அதன் பக்கத்திலேயே வரலாறு கவனிக்காமல் விட்ட ஒரு சிறு கேள்வி கட்டாயம் இருக்கும். வேலுத்தம்பியைப் போன்ற உண்மை மனிதர்களுக்கு நான் புதிய செயல்களையோ நீண்ட வசனங்களையோ கொடுப்பதில்லை. அவர் பல்லக்கில் கடந்து போவதை ஒருத்தி பார்க்கிறாள். அவர் குரல் அடுத்த அறையிலிருந்து கேட்கிறது. அவ்வளவு போதும்.

குண்டறைக்கும் ஆரல்வாய்மொழிக்கும் இடையே 150 கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. திருவனந்தபுரத்துக்கு வடக்கே படகில் வேகமாக வந்துவிடலாம் என்று எழுதியிருந்ததை, பார்வதி புத்தனாறு என்ற கால்வாய் 1820களில்தான் வெட்டப்பட்டது என்று தெரிந்ததும் மாற்றினேன். பணக் கணக்கும் இப்படித்தான் கதைக்குள் வந்தது. 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் அதாவது 28 சக்கரம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். ஒருவன் "கொஞ்சம் பணம் கொடுத்தான்" என்று எழுதுவதை விட, ஓடக்காரன் இரண்டு சக்கரம் கேட்கிறான், அவள் முந்தானை முடிச்சில் பதினெட்டுக் காசுதான் இருக்கிறது என்று எழுதும்போது, ஆற்றைக் கடக்க முடியுமா என்ற கேள்வி தானாகவே எழுகிறது.

ஆவணங்களைத் தேடித் திருவனந்தபுரத்துக்குப் பலமுறை போனேன். கேரள அரசு ஆவணக் காப்பகத்தில் உள்ள மதிலகம் சுருணைகள், அதாவது பத்மநாபசுவாமி கோயிலின் பழைய ஓலை ஆவணச் சுருள்கள், பெரும்பாலும் இன்று நாம் எளிதில் படிக்க முடியாத பழைய எழுத்தில் இருப்பவை. எழுத்து தெரிந்த ஒரு முதியவரின் உதவியோடு அச்சில் வந்த சில பகுதிகளை வாசித்தபோது, அந்த மொழியில் தமிழும் மலையாளமும் எப்படிக் கலந்து கிடந்தன என்பது செவியில் விழுந்தது. உதயகிரிக் கோட்டைக்குள் டிலனாயின் கல்லறையில் லத்தீனோடு தமிழும் பொறிக்கப்பட்டிருக்கிறது. என் கதைமாந்தருக்குச் செந்தமிழ் மேடைப் பேச்சைக் கொடுத்திருந்தது எவ்வளவு பொருந்தாதது என்று அப்போதுதான் உணர்ந்தேன். பிறகு உரையாடல்களை எங்கள் வீட்டுப் பேச்சுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, அண்மையில் வந்த சொற்களை மட்டும் களைந்தேன். அரசரைத் "தம்புரான்" என்கிறார்கள். தண்ணீர் கேட்கும்போது "வெள்ளம்" என்கிறார்கள். எல்லைக்கு அப்பாலிருந்து வருகிறவனை இந்த ஒரு சொல்லாலேயே அடையாளம் கண்டுவிடுகிறார்கள். ஒற்றன் பிடிபடும் இடத்தை அப்படித்தான் எழுதினேன்.

மூன்றாவது கதை என்னை மிகவும் அஞ்சவைத்தது. 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போராட்டக்காரர்கள் மேல் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் பறிபோயின. மார்ஷல் நேசமணி போன்றோர் முன்னின்று நடத்திய அந்த இயக்கத்தின் பயனாக, 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகத்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் கன்னியாகுமரி மாவட்டமாகத் தமிழ்நாட்டோடு சேர்ந்தன, செங்கோட்டையும் வந்தது. இந்தக் காலத்தைக் கண்ணால் கண்டவர்கள் எங்கள் ஊர்களில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். 1741இல் ஒருவனைக் கதைக்காகச் சாகவைப்பதும், 1954இல் அதைச் செய்வதும் ஒன்றாகாது. யாருடைய தந்தையோ, யாருடைய அண்ணனோ அங்கே உண்மையாகவே விழுந்திருக்கிறார்கள். ஆகவே இந்தக் கதைக்கு மட்டும் சில கட்டுப்பாடுகளை எனக்கு நானே விதித்துக்கொண்டேன். இறந்தவர் எவரையும் அடையாளம் தெரியும்படி எழுதுவதில்லை. துப்பாக்கிச் சூட்டையே சாகசக் காட்சியாக்குவதில்லை. இரு மொழிக்காரர்களில் எவரையும் கூட்டமாகத் தீயவர்களாகக் காட்டுவதில்லை, ஏனென்றால் அன்று காயம்பட்டவர்களை வண்டியிலேற்றி மறைத்துக் கொண்டுபோனவர்களில் மலையாளம் பேசுகிறவர்களும் இருந்ததாகப் பெரியவர்கள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். அச்சிடும் முன் அந்த நாளைக் கண்ட ஒருவருக்காவது வாசித்துக் காட்டாமல் வெளியிடுவதில்லை.

வயதானவர்களிடம் கேட்கும்போது, "அன்று என்ன நடந்தது?" என்று கேட்டால் பத்திரிகையில் வந்ததையே திருப்பிச் சொல்கிறார்கள். "அன்று காலையில் என்ன சமைத்தீர்கள், மழை இருந்ததா, யார் வந்து செய்தி சொன்னார்?" என்று கேட்டால், தாங்கள் கண்ட நாளுக்குள் போய்விடுகிறார்கள். புதுக்கடைப் பக்கம் ஒரு பாட்டி எனக்கு அப்படித்தான் கிடைத்தார். துப்பாக்கிச் சத்தம் கேட்டபோது அவர் முற்றத்தில் நெல் காயவைத்துக்கொண்டிருந்தாராம். அதை அள்ள மறந்து போனதையும், மாலை மழையில் அது நனைந்து முளைவிட்டதையும் ஒரு மணி நேரம் சொன்னார்.

அவர் சொன்னதை வைத்து எழுதிய அத்தியாயத்தை அவர் பேத்தி அருகில் உட்கார்ந்து வாசித்துக் காட்டினாள். நெல்லைப் பற்றிய பகுதி வந்தபோது பாட்டி தலையசைத்தார். என் கதையில் வரும் இளைஞன், ஊர்ப் பெண்கள் வாசலில் ஏற்றி வைத்த விளக்குகளைப் பார்த்து வழி கண்டுபிடித்து இரவில் ஊருக்குள் வருகிறான் என்ற இடத்தில் மட்டும் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார். "அண்ணைக்கு ராத்திரி எங்க தெருவுல ஒருத்தரும் விளக்கு ஏத்தல மக்களே," என்றார். அந்தக் காட்சியைத் திரும்பவும் இருட்டில் வைத்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.